சட்டிச் சோறு

ஏரி மீனைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது தணிகைவேலின் வேலை. ஒரே எடையில் ஆறு ஜிலேபி மீன் தேற வேண்டுமென்று வாரந்தோறும் ஒரு டஜன் வாங்குவான். மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று வீட்டுக்குக் கொண்டுவருவான். மனைவி சுகந்திக்கு ஏழாம் மாதம். வாய்க்கு மீன்குழம்பு மட்டும்தான் பிடித்தது.

மூன்று மாத முடிவுகள் இன்றுதான் சேர்ந்து வந்தன. எல்லாவற்றிலும் ஈயம். கர்ப்பிணிகள் தொடவே கூடாத அளவு. தான்தான் மாதிரி எண்ணை மாற்றி எழுதியிருக்க வேண்டும் என்று தன் குறிப்பேட்டை மூன்று முறை சரிபார்த்தான். எப்போதும் ஒரு பிழையாவது இருக்கும். இன்று இல்லை.

வீட்டுக்கு ஓடிவந்தபோது சுகந்தி தரையில் உட்கார்ந்து, குழம்பு தீர்ந்த மண்சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? உங்க புள்ளைக்குச் சட்டியும் பத்தலயாம். உள்ளருந்து உதைக்குது."

"சுகந்தி, அதக் கீழ வை."

"ஆசையப் பாரு! சரி, கடைசி உருண்டை. உங்களுக்கா, எனக்கா?"

அவள் கை தன் வாய்ப்பக்கம் திரும்பியது.

"எனக்கு" என்று வாயைத் திறந்தான்.