பதினொரு பக்கம்

அரசியல் சாசன நீதிபதியாக இன்று எனக்குக் கடைசித் தீர்ப்பு. சிவப்பு அங்கியின் கழுத்தில் வெள்ளைப் பட்டியைக் கட்டிவிடுகிறார் உதவியாளர் எகோன். "பன்னெண்டு வருஷம்மா! உங்களால ஒரு நாளும் தகராறு வந்ததில்ல. தங்கமான மனுஷி." நான் குனிந்து தொப்பியை எடுக்கிறேன். தீர்ப்பில் உடன்படாத நீதிபதி தன் மறுப்பைத் தனியாக எழுதிச் சேர்க்கலாம். இந்த வழக்கில் பதினொரு பக்கம் எழுதினேன். "போற நேரத்துல இது எதுக்கு ரைன்ஹில்ட்? கேக்கை வெட்டிட்டு சந்தோஷமாப் போங்களேன்" என்றார் அமர்வின் தலைவர். வியாழக்கிழமை அதைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மற்ற ஏழு பேரின் தீர்ப்பிலேயே கையெழுத்திட்டேன். கதவு திறக்கிறது. எட்டு அங்கிகள் உரசியபடி நுழைய, சுவரில் நாட்டின் சின்னமான மரக் கழுகின் கீழே கூடம் எழுந்து நிற்கிறது. முன்வரிசையில் ஸ்வெந்யா, அதிகாரிகள் பிரித்துக்கொண்டுபோன மகனைத் திரும்பக் கேட்டு வந்தவள். விசாரணையன்று அந்தப் பையனின் பெயரைக் கேட்ட ஒரே நீதிபதி நான். என்னைப் பார்த்ததும் சிரிக்கிறாள். ஜன்னல் வெயில் அவள் கைப்பையின் கொக்கியில் மினுங்குகிறது. தலைவர் வாசிக்கிறார்: "மனு தள்ளுபடி செய்யப்படுகிறது." கொக்கியை அவள் விரல்கள் இறுகப் பிடிக்கின்றன. பிறகு என்னைத் தேடிப் பார்த்து, நீங்களாவது எனக்காக நின்றீர்களே என்பதுபோல் மெல்லத் தலையசைக்கிறாள். 'எட்டுப் பேரும் ஒருமனதாக' என்கிற கடைசி வரிக்குத் தலைவர் இன்னும் வரவில்லை.