மேல்மாடத்து ஆர்கன்

“பொண்ணு ஓடிப்போயிருச்சாம்!”

மாதா கோயிலுக்குள் பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிய செய்தி, மரப்படி ஏறி மேல்மாடத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த தமிழ்மொழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

காது கொடுக்க நேரமில்லை. வழக்கமாக வாசிக்கும் சவரிமுத்து வாத்தியார் வந்த பஸ் கீழப்பழுவூரில் படுத்துவிட்டது. இதுவோ அறுபது வருஷத்து எலெக்ட்ரிக் ஆர்கன். அதைக் கிளப்பத் தெரிந்தவர்கள் ஏலாக்குறிச்சி வட்டாரத்திலேயே அவரும் அவளும்தான்.

முதல் சுவிட்சை அழுத்திப் பிடித்து எட்டு வரை எண்ண வேண்டும். உள்ளே மோட்டார் உறுமி வேகம் எடுத்ததும், முதலாவதை விடாமல் இரண்டாவதையும் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் மூச்சே விடாது. இரண்டு தடவை முரண்டு பிடித்து, மூன்றாவது தடவை சத்தம் பொங்கி வந்தபோது அவள் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள்.

செருப்பை உதறினாள். பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, காலடியில் இருந்த கட்டைகளை மிதித்து மிதித்து வாசித்தாள். ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. அதன் வேகம் போதாமல் ஆர்கனின் சுருதி அரைக்கட்டை இறங்க, கீழே பாடிக்கொண்டிருந்தவர்களும் தடுமாறி இறங்கினார்கள். கரண்ட் திரும்பியதும் அத்தனை பேரும் ஒரே தாவாக மேலே ஏறினார்கள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

பெரம்பலூரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய மாப்பிள்ளையின் பெரியப்பா ராசாங்கம், மூச்சு வாங்கப் படியேறி வந்தார். ஆர்கனின் உயரமான பலகைக்கு மேலே அவள் உச்சந்தலை மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

“ஏம்மா, நிறுத்தும்மா! பொண்ணு வூட்டுக்காரங்க மூலைக்கு மூலை தேடிக்கிட்டு இருக்காங்க. இப்ப உனக்கு வாசிப்பு கேக்குதா?”

“மாப்பிள்ளை என்னங்க பண்றாரு?”

“அவனா? அதிர்ச்சியில கிறுக்குப் புடிச்சிருச்சும்மா. உன் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டு, இளிச்சிக்கிட்டு நிக்கிறான்!”

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு காலாலும் ஒருசேர மிதித்தாள். கோயிலே குலுங்கியது.

ராசாங்கம் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். “சொல்றது காதுல வுழலியா? முதல்ல பொண்ணு வரட்டும், அப்புறம் வாசி!”

விரல்களை எடுக்காமலே அவள் பலகைக்கு மேல் எம்பி, அவரைப் பார்த்தாள்.

“பொண்ணு கீழ எறங்கிட்டா, இங்க வாசிக்க ஆளு இல்லீங்களே மாமா!”