தமிழ்வாணிக்கு வாய் நீளம்

"டம்ளரை ஒடச்சது நீதானே?"

தமிழ்வாணி போட்ட சத்தத்தில், டைப் அடித்துக்கொண்டிருந்த சோணைமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த முருகம்மாள் பதறி எழுந்தாள். "ஆமாத்தா. நான்தான்."

அவள் எங்கே உடைத்தாள்? காற்றில் கேஸ் கட்டு சரிந்து டம்ளர் விழுந்ததை சோணைமுத்துவே பார்த்தார். தமிழ்வாணியும்தான் பார்த்தாள். பார்த்துவிட்டும் இப்படிக் கேட்கிறாள் என்றால் எம்புட்டுத் திமிர் இருக்க வேண்டும்?

ஒத்தக்கடையில் வக்கீல் கனகலட்சுமியின் ஆபீஸ் அது. சோணைமுத்து அங்கே பழைய குமாஸ்தா. தமிழ்வாணி சட்ட உதவியாளர் படிப்பு முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் கெட்டி. வாய்தா தேதி குறிப்பது, கேஸ் கட்டுத் தைப்பது, கோர்ட் கவுண்டரில் திருப்பி அனுப்பாதபடி மனுவைச் சரிபார்ப்பது எல்லாம் சட்டென்று பிடித்துக்கொண்டாள். கட்சிக்காரர்களிடம் பேசுவதுகூடப் பதவிசுதான். முருகம்மாளைக் கண்டால் மட்டும் என்ன வந்துவிடுமோ தெரியவில்லை.

முருகம்மாள் பாவம், திருவாதவூர்க்காரி. காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்து, புருசனும் பொண்டாட்டியுமாகச் சேர்த்து வாங்கியது ஒரு துண்டு நிலம். புருசன் பால்பாண்டி போய்ச் சேர்ந்ததும், முன்பு வேலை கொடுத்த பண்ணைக்காரர் 'அதுவும் எங்க காடுதான், கூலிக்குத்தான் உழுதாங்க' என்று வேலி போட்டுவிட்டார்.

பத்திரம் இருக்கிறது. ஆனாலும் நிலத்தை ஆண்டு அனுபவித்தது யார் என்பதற்கு முருகம்மாளின் சாட்சிதான் முக்கியம். குறுக்கு விசாரணையில் வாய் தவறினால் நிலம் போச்சு. அந்தக் கவலையில் தினமும் பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறவளை இவள் இப்படி வைகிறாள்.

சோணைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. நேரே உள்ளே போனார்.

"மேடம், அந்தப் புள்ளைக்கு வாய் ரொம்ப நீளம். அம்மா வயசுல இருக்கிறவுகள நீ, வான்னு பேசுது."

கனகலட்சுமி கூப்பிட்டுக் கேட்டாள். தமிழ்வாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாரி மேடம்."

"என் கட்சிக்காரங்களை இன்னொரு தடவை அதட்டுனதாக் கேள்விப்பட்டா, வேலைக்கே வர வேண்டாம்."

அடங்கினாளா? மேடம் கோர்ட்டுக்குக் கிளம்பியதும் ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு வச்சிருந்த வடையத் தின்னது நீதானே?"

முருகம்மாள் தலையை ஆட்டினாள். "இல்லத்தா."

"பொய் சொல்லாத."

"நான் திங்கலத்தா."

சோணைமுத்து எழுந்தே விட்டார்.

"ஏம்மா, நீயும் கூலிக்காரன் வீட்டுப் புள்ளதானே? ஒரு வேலை கெடச்சதும் இம்புட்டு மாறிருவியா?"

தமிழ்வாணியின் முகம் சுருங்கிப்போனது. விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். முருகம்மாளும் பின்னாலேயே போனாள். இம்புட்டு வசவு வாங்கியும் இந்தம்மாவுக்கு ரோசம் இல்லையே என்று சோணைமுத்துவுக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

குறுக்கு விசாரணை நாள் வந்தது. பண்ணைக்காரரின் வக்கீல் மலைச்சாமிக்குக் கோர்ட்டே அதிர்கிற குரல்.

"அந்தக் காட்டுல நீங்க கூலிக்குத்தானே உழுதீங்க?"

முருகம்மாள் கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இல்லைங்கய்யா."

"பொய். ஊருக்கே தெரியும். கூலிக்குத்தானே உழுதீங்க?"

"இல்லைங்கய்யா. கூலிக்கு உழுதது அவுக காட்டுல. இது எங்க காடு."

மலைச்சாமி மேசையைத் தட்டினார், முறைத்தார், அதே கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் போட்டார். முருகம்மாள் அசையவில்லை. கடைசியில் அவருக்குத்தான் தொண்டை கட்டியது. பின்னால் நின்ற சோணைமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தீர்ப்பும் வந்தது. நிலம் முருகம்மாளுக்கே.

அந்த வாரமே பச்சைக் கடலையை ஒரு பை நிறையக் கொண்டுவந்து தமிழ்வாணி மடியில் கொட்டினாள் முருகம்மாள்.

சோணைமுத்துவுக்குச் சுருக்கென்றது. "ஏந்தாயி, கேஸை நடத்துனது மேடம். ஓடியாடித் திரிஞ்சது நானு. ஒன்னய அம்புட்டு வைஞ்ச புள்ளைக்கா கடலை?"

முருகம்மாள் சிரித்தாள்.

"வையச் சொன்னதே நான்தாண்ணே. கூலிக்குப் போன எடத்துல பழகுன பழக்கம். யாரு அதட்டுனாலும், செஞ்சேனோ செய்யலையோ, 'ஆமாங்கய்யா'ன்னு வாயில வந்துரும். கோர்ட்டுலயும் அப்படி வந்துட்டா என் நெலம் என்னாகும்? அதான், தெனம் இல்லாத பழியா என்மேல போட்டு வையி, 'இல்ல'ன்னு சொல்லிப் பழகுறேன்னு கேட்டேன். வெளிய தெரிஞ்சா வெக்கமாப் போயிரும், யாருகிட்டயும் மூச்சு விடாதன்னு சத்தியமும் வாங்கிட்டேன்."

தமிழ்வாணி தலை நிமிராமல் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

முருகம்மாள் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் என்னைய வைஞ்சுட்டு மாடிப்படியில உக்காந்து அழுவும்ணே. நான்தான் போயி கண்ணத் தொடச்சு, நாளைக்கும் வையணும் தாயின்னு சொல்லிக் கூட்டியாருவேன்."