கீழ் வரம்பு

குன்னூரில் இப்போது வீட்டுக்கு வீடு, கம்பெனிக் கணக்குகளைப் போடும் ஒரு கணினி ப்ராசசர் ஓடுகிறது. அதன் சூட்டில்தான் வீடு கதகதப்பாக இருக்கிறது. அதற்கான கையேட்டை எழுதுபவள் பெனிட்டா.

“85 டிகிரியில் அலாரம் அடிக்கும். 80-க்கு இறங்கினால்தான் நிற்கும். 100-ல் ப்ராசசர் தானாக அணைந்துவிடும். சூடு குறைந்தால் அலாரம் கிடையாது.”

கடைசி வரியை அவள் முடிக்கவும் தொட்டிலில் குழந்தை வீறிடவும் சரியாக இருந்தது.

கணவன் ஜெரோம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். “வேலை முடிஞ்சு மெஷின் சும்மா கிடக்கு பெனி, 31தான் காட்டுது. வீடே சில்லுன்னு ஆயிடுச்சு. பெரிய கணக்கா ஏதாவது குடு.”

பகா எண்களைத் தேடிக்கொண்டே இருக்கும்படி ப்ராசசருக்குச் சொல்லிவிட்டுத் தொட்டிலை ஆட்டினாள். ப்ராசசர் சூடு 62-ஐத் தொட்டதும் அழுகை நின்றது.

பெனிட்டா சிரித்துக்கொண்டே கையேட்டின் கடைசி வரியை நீக்கிவிட்டு எழுதினாள்: “31-ல் அலாரம் அடிக்கும். 62-க்கு ஏறினால்தான் நிற்கும். அலாரத்துக்கு வயது ஏழு மாதம்.”