ஹாஜ் தஸூகிக்கு ஒரு மின்னஞ்சல்

வந்த ஆளின் சட்டையில் ஒரு துளி மரத்தூள் இல்லை. ரிஃபாத்துக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

துமியாத்தில் பிறந்தவன் ஒன்று மரத்தை இழைப்பான், இல்லாவிட்டால் இழைத்ததை விற்பான். கல்யாணம் நிச்சயமானால் கட்டிலுக்கும் சோபாவுக்கும் எகிப்தே இந்த ஊருக்குத்தான் வரும். இப்போது பட்டறைக்குப் பட்டறை இணையதளம் வேண்டும், அதே பெயரில் மின்னஞ்சலும் வேண்டும் என்றாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ரிஃபாத்தின் கடைதான். கம்ப்யூட்டரைத் தொட்ட ஒரே காரணத்துக்காக அவனை ஊரே "இன்ஜினியர்" என்று கூப்பிட்டது. அவனும் மறுத்ததில்லை.

அந்த இன்ஜினியர் ஒரு திருட்டு வேலையும் வைத்திருந்தான். கணக்குத் திறக்கும்போது எல்லாக் கட்டங்களையும் தானே நிரப்பி, உள்ளே நுழையும் வழியைத் தனக்கும் வைத்துக்கொள்வான். பட்டறைக்காரர் ஷிர்பீனி புதிதாக ஒரு நாற்காலி வரைந்து கெய்ரோ வியாபாரிக்கு அனுப்பினால், அதை வியாபாரிக்கு முன்பே ரிஃபாத் பார்த்துவிடுவான். பார்த்ததைப் போட்டிப் பட்டறைக்கு விற்றும்விடுவான். தன் நாற்காலி அடுத்தவன் கடையில் நிற்பதைப் பார்த்து ஷிர்பீனி தலையில் அடித்துக்கொள்வார். ரிஃபாத் கூடவே நின்று ஆறுதல் சொல்வான்.

போன வாரம் கெய்ரோவிலிருந்து சைபர் போலீஸ் வந்து, பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து கடைக்கு வரும் ஒவ்வொரு புது முகத்தையும் இவன் ஏற இறங்கப் பார்த்தான். மாட்டினால் ஜெயில் அப்புறம்தான். அதற்கு முன்னால் தச்சர்கள் கையில் உளியோடு வருவார்கள்.

"பேரு ஹாஜ் தஸூகி," என்றார் வந்தவர். ஆள் வாட்டசாட்டமாக இருந்தார். "புதுசா பட்டறை போடறேன். ஒரு இணையதளம், ஒரு மெயிலு. ஆமா இன்ஜினியரே, என் மெயிலை என்னைத் தவிர வேற எவனும் படிக்க முடியாதே?"

"சேச்சே! யாரு படிப்பா ஹாஜ்?" ரிஃபாத் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஷிர்பீனி, "நல்லாக் கேளுங்க ஹாஜ். என் மெயிலுக்கு மட்டும் கால் முளைச்சிருக்கு," என்றார். கூட இருந்த தச்சர்கள் சிரித்தார்கள்.

ரிஃபாத் அவசரமாக இணையதளத்துக்குப் பெயர் பதிவு செய்தான். அடுத்து மின்னஞ்சல். வழக்கம்போல் கட்டங்களை நிரப்பப் போனபோது, தஸூகி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நகருப்பா. எனக்குப் படிக்கத் தெரியும்."

திரையையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே போனார். சட்டென்று விரல் நின்றது. முகம் கறுத்தது. திரையைப் பார்த்தார், ரிஃபாத்தைப் பார்த்தார், பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"இது எத்தனை நாளா நடக்குது?" என்றார் தாழ்ந்த குரலில்.

"எ... எது ஹாஜ்?"

"தெரியாத மாதிரி நடிக்காதே. இங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் இதே வேலைதானா? மானம் மரியாதை எதுவும் கிடையாதா?"

ரிஃபாத் அந்தச் சட்டையை மறுபடி பார்த்தான். துமியாத்தில் பட்டறை போடுகிறவன் சட்டையில் மரத்தூள் இல்லாமல் போனது ஏன் என்று இப்போது புரிந்துவிட்டது.

தஸூகி எழுந்தார். "எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க. எனக்கும் இவனுக்கும் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கு." ஷிர்பீனியும் மற்றவர்களும் டீ கிளாஸோடு நடைபாதைக்குப் போனார்கள்.

"ஷட்டரை இறக்கு."

ரிஃபாத் இறக்கினான். ஷட்டர் பாதியில் ஒரு தடவை சிக்கிக்கொண்டது.

தஸூகி அவன் தோளில் கையை வைத்தார். "இந்த விஷயம் இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது. தாண்டிச்சு..."

அவ்வளவுதான். போலீஸ்காரர்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கும் மரியாதை அவன் வாயிலிருந்து கொட்டியது.

"பாஷா! என் பாஷா! காலைப் பிடிக்கிறேன்! ஷிர்பீனி மெயிலை நான்தான் படிச்சேன். அந்த வளைஞ்ச கால் நாற்காலியை வித்ததும் நான்தான். ஷிர்பீனி மட்டும் இல்லை, தெருவுல பாதிப் பேரு மெயிலு என்கிட்டதான் இருக்கு. பொண்டாட்டி பிள்ளைக்காரன் பாஷா, சீல் மட்டும் வெச்சிடாதீங்க!"

அழுகையில் அவன் குரல் தெருவரைக்கும் போய்விட்டது. ஷட்டருக்கு வெளியே பேச்சுச் சத்தம் மொத்தமாக நின்றது. பிறகு, ஷட்டரை யாரோ கீழேயிருந்து மெதுவாகத் தூக்கத் தொடங்கினார்கள்.

தஸூகி அவனை விநோதமாகப் பார்த்தார்.

"யாருய்யா பாஷா? பாஸ்வேர்டு மறந்தா கேக்கறதுக்காம், எங்கம்மா பேரு என்னன்னு உன் மெஷினு கேக்குது. நம்ம ஊர்ல பெத்தவ பேரு வெளியே தெரிஞ்சாலே மானம் போச்சு; அத்தனை ஆம்பளைங்க எட்டிப் பாக்கற இடத்துல அதை எவன் தட்டுவான்னுதானே ஷட்டரை இறக்கச் சொன்னேன்!"