நாற்பத்தொன்றாம் எண்

செலியமேட்டில் நடேசனின் கரும்பு வயலில் ஈரம் அளக்கும் மூன்று சென்சார்களைப் புதைத்திருந்தார்கள். மூன்றும் ஒரே வயரில் இருந்தன. மோட்டார் கொட்டகையில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால், அந்த எண்ணுக்குரிய சென்சார் பதில் தரும். பதில் வராத எண்ணை மூன்று முறை கூப்பிடும்படி, இதையெல்லாம் பொருத்த வந்த வினோதினி போர்டின் புரோகிராமை எழுதியிருந்தாள். அடுத்த வயலுக்கு இன்னொரு போர்டு வாங்கினால் உதவும் என்று இந்தப் போர்டுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தாள். அந்த எண்ணை யாராவது கூப்பிட்டால் சிவப்பு விளக்கு மின்னும். போர்டு செய்கிற வேலையை விட்டுவிட்டு உடனே பதில் கொடுக்கும்.

சோதனைக்காக, போர்டின் சொந்த எண்ணைத் தவிர மற்ற எல்லா எண்களையும் கூப்பிட வைத்தாள். நான்கு பதில்கள் வந்தன.

மூன்று, முதல் அழைப்பிலேயே வந்தன. எந்தச் சென்சாருக்கும் கொடுக்காத நாற்பத்தொன்றாம் எண் மூன்றாவது அழைப்புக்குப் பதில் தந்தது. பத்து முறை ஓட்டினாள். பத்து முறையும் மூன்றாவதற்குத்தான்.

"நாலாவதா ஒண்ணு பொதச்சீங்களாண்ணா?"

"இல்லியேம்மா. இன்னா ஆச்சு?"

சொன்னாள். நடேசன் பீடியை அணைத்தார்.

"உச்சி வெயில்ல யாரு கூப்ட்டாலும் மூணாவது வாட்டிதாம்மா நாங்க குரல் குடுப்போம். பேயின்னா ஒரு வாட்டிதான் கூப்புடும். அதுக்கு பதில் சொல்லிட்டா கூடவே வந்துடும்."

வினோதினி சோதனையை நிறுத்தினாள். சிவப்பு விளக்கு மின்னியது. இன்னொரு போர்டு இன்னும் வாங்கவே இல்லை.

"பதில் குடுத்துடாதம்மா," என்றார் நடேசன்.

அவள் கை வயருக்குப் போவதற்குள் பதில் போய்விட்டது. இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது முறை அது மின்னவில்லை.