வாசித்த கட்டுரை மட்டும்

"யாரும்மா அது, கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு? இது கருத்தரங்கா, கல்யாண வூடா?"

பேராசிரியர் பாக்யராஜ் மைக்கிலேயே கேட்டுவிட்டார். அவர் தலைக்கு மேலே பேனர்: 'அகராதிப் பணியில் பெண்கள்'.

குழந்தையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள் மரிய சுகந்தி. அவளுக்கு இது முதல் கருத்தரங்கு. குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன புருஷன் லியோ பிரகாஷுக்குக் கடைசி நேரத்தில் ஷிப்ட் மாறிவிட்டது. கரிக்கலாம்பாக்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து குழந்தை வாயை மூடவில்லை.

"சார், அடுத்தது என் கட்டுரைதான். வாசிச்சிட்டு உடனே போயிடுறேன்."

"'பழைய அகராதிகளுக்குச் சொல் கொடுத்த பெண்கள்', உங்களுதா? அருமையான தலைப்பு! ஆனா குழந்தைய வெளியில விட்டுட்டு வாங்க. வாசிச்ச கட்டுரைதான் புத்தகத்துல வரும், ஞாபகம் இருக்கட்டும்."

"வெளியில யார்கிட்ட சார் விடறது?"

அதற்கும் சேர்த்துக் குழந்தை வீலென்று கத்தியது. நாலைந்து பேர் சிரித்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று சுகந்தி பையை எடுத்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மாள் விறுவிறுவென்று வந்தாள். கசங்கின பருத்திப் புடவை, கடுகடுத்த முகம்.

"இன்னா இது, காது கிழியுது! கொண்டா இங்க."

கேட்டது பாதி, பிடுங்கினது பாதி.

"பால் பாட்டில் இருக்கா? குடு. போய் வாசி. நீயும் அழுது வைக்காத, ரெண்டு பேர என்னால தூக்க முடியாது."

குழந்தையோடு அவள் வெளியே போனாள். காலேஜில் வேலை செய்கிறவள் போலிருக்கிறது, அப்புறம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே சுகந்தி மேடை ஏறினாள்.

முதல் பக்கத்தைத் தட்டுத் தடுமாறி வாசித்தாள். போகப்போகச் சரியாகிவிட்டது.

"எழுதினவர் பேர் அட்டையில இருக்கு. பக்கத்துல உக்காந்து சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னவ பேர் எங்கே?" என்று அவள் முடித்தபோது ஒரே கைதட்டல். பாக்யராஜ் கண்ணையே துடைத்துக்கொண்டார்.

"அடுத்து சிறப்புரை. பாகூர் முனைவர் விஜயராணி அவர்கள்!"

யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். போன் போட்டுப் பார்த்தார். அடித்ததே தவிர எடுக்கவில்லை.

"போன்ல பேசினதோட சரி, ஆள நான் பார்த்ததுகூட இல்ல. லேடீஸக் கூப்பிட்டா இதான், கடைசியில காலை வாரிடுவாங்க. சரி, பேசலன்னா அவங்க கட்டுரையும் கிடையாது. சாப்பாடு ரெடி, வாங்க!"

சுகந்திக்கும் எரிச்சலாக இருந்தது. இந்த மாதிரிப் பொறுப்பில்லாதவர்களால்தானே நமக்கெல்லாம் கெட்ட பேர்!

வெளியே ஓடினாள். சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் அந்த அம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி நடந்துகொண்டிருந்தாள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா, வாங்க, டீ சாப்பிட..."

குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். குழந்தையின் பிஞ்சு விரல்களுக்குள் எச்சில் ஊறிக் கசங்கிக் கிடந்தது ஒரு விருந்தினர் அட்டை: முனைவர் விஜயராணி, சிறப்புரை.

"மேடம், நீங்களா! உள்ள உங்களக் கூப்பிட்டாங்களே! பேசலன்னா உங்க கட்டுரை புத்தகத்துல..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. உன்னுது வருதில்ல? மெதுவாப் பேசுடி, இப்பதான் தூங்குச்சு."